கானைட்டும் அண்ணியின் கிணறும்

எங்கள் பக்கத்தில் பச்சை நிறத்துக்கு நல்ல பெயர் கிடையாது. வயல் பச்சையாக இருந்தால் சந்தோஷப்படுவோம், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் மண்ணிலோ தண்ணீரிலோ கொஞ்சம் பச்சை தெரிந்துவிட்டால், ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: குரோம். தோல் பதனிடும் பொடி பச்சையாக இருக்கும். அதைப் போட்டு உருட்டிய டிரம்மிலிருந்து வெளியேறும் தண்ணீரும் பச்சையும் நீலமுமாகத்தான் இருக்கும். பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறெதுவும் தோன்றாது.

அந்தக் கண்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அந்தப் பொடியில்தான் பிழைக்கிறேன். கல்லூரியில் ஜியாலஜி படித்தேன். கல்லைப் பற்றிப் படித்த பெண்ணுக்கு வேலை கொடுக்க இந்தப் பக்கம் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு தோல் கம்பெனியின் லேபில் சேர்ந்தேன். தோலில் குரோம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிற வேலை. இன்றும் அதே வேலைதான். கல், குரோம் இரண்டையும் தெரிந்தவள் என்ற கர்வம் எனக்கு நிறைய உண்டு. இந்த இரண்டு விஷயத்தில் என்னிடம் யாரும் கதை விட முடியாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் கிடையாது.

அண்ணன் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஆலங்காயம் போகிற வழியில், ஜவ்வாது மலையிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் ஒரு சின்னக் குன்றின் அடியில் நிலம் வாங்கினான். ஏலகிரிப் பக்கம் வாங்கியிருக்கலாமே என்று யாராவது கேட்டால், "அங்க மேல ஓட்டலு, கீழ கூட்டம். எனக்கு நிம்மதி வேணும்பா" என்பான். நிலத்தில் ஒரு பழைய கிணறு இருந்தது. குன்றிலிருந்து இறங்கும் ஓடை கிணற்றை ஒட்டியே போகும். மழைக்காலத்தில் ஓடை கரைபுரண்டு வந்து மணலைக் கிணற்றுக்குள் கொட்டிவிட்டுப் போயிருந்தது. கிணறு பாதி தூர்ந்து கிடந்தது.

வீட்டு வேலை ஆரம்பித்ததும் முதலில் கிணற்றைத் தூர்வாரினார்கள். ஊற்று நன்றாகவே இருந்தது. மேலே வந்த மணலும் சுத்தமாக இருந்ததால் பூச்சு வேலைக்கு ஆகும் என்று மேஸ்திரி அதைத் தொட்டியில் போட்டு அலசினார். மண் கரைந்து போனது, மணலும் அள்ளியாகிவிட்டது. தொட்டியின் அடியில் கரும்பச்சையாகச் சின்னச் சின்ன மணிகள் மட்டும் தங்கிவிட்டன.

மேஸ்திரி ராணிப்பேட்டைக்காரர். ஒரு கை அள்ளி அண்ணனிடம் காட்டினார்.

"சார், இது கெமிக்கலு. எங்க ஊர்ல மலை மாதிரி கெடக்குது. எவனோ வண்டில கொண்டாந்து இங்க கொட்டிட்டுப் போய்ட்டான்."

அண்ணி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவ்வளவுதான், முடிந்தது. "வூடு கட்றதுன்னா நீங்க கட்டிக்கோங்க. புள்ளய தூக்கிக்கினு நான் இங்க வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிவிட்டார்.

அண்ணி பிறந்தது பாலாற்றங்கரையில் ஓர் ஊர். அவர் அப்பாவுக்குத் தென்னந்தோப்பும் நெல் வயலும் மாடுகளும் இருந்தன. அண்ணி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் தோல் கம்பெனிகளின் கழிவுநீர் இறங்கி அந்த ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின. தென்னை குலை தள்ளுவதை நிறுத்தியது. மாடு தண்ணீர் குடிக்க மறுத்தது. கடைசியில் குடும்பமே கிளம்பி வேலூர் லாங் பஜார் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு வந்து சேர்ந்தது. சொந்த நிலத்தில் வெயிலில் நின்ற மனிதர் மண்டியில் மூட்டை எடை போட்டார். அங்கேயே செத்தும் போனார். அம்மா மட்டும் இன்னும் அந்தச் சந்திலேயே இருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அண்ணன் போன் செய்தான். "நீதான் வந்து சொல்லணும். அவ என் பேச்ச காதுல போட்டுக்க மாட்றா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிப் போனேன். அண்ணனின் கெஞ்சலுக்காக அண்ணியும் வந்திருந்தார், முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு. தொட்டியடியில் கிடந்த மணிகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழவு வீடு மாதிரி இருந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாதுதான். ஆனால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கல்லூரி லேபில் ஒரே ஒரு தடவை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டியதைத் தவிர நான் அதைப் பார்த்ததே கிடையாது. அது இப்போது அண்ணனின் சிமென்டுத் தொட்டியில் கை நிறையக் கிடக்கிறது.

"அண்ணி, இது குரோம் இல்ல. கல்லு. கானைட்டுன்னு பேரு."

அண்ணி கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, பேச்சு வேண்டாம், செய்து காட்டலாம் என்று ஆரம்பித்தேன். லேபிலிருந்து ஒரு சிட்டிகை குரோம் பொடியைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போயிருந்தேன். ஒரு கண்ணாடி டம்ளரில் பொடியைப் போட்டேன், தண்ணீர் முழுக்கப் பச்சையாகிவிட்டது. இன்னொரு டம்ளரில் மணிகளைப் போட்டேன். மணிகள் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டன, தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கலக்கினேன். மறுபடியும் உட்கார்ந்துகொண்டன. அதே அளவு மணலைவிட இந்தக் கல் நன்றாகவே கனக்கும். மண்ணும் மணலும் அலசிப் போன பிறகும் தொட்டியில் அது மட்டும் தங்கியதற்குக் காரணம் அந்தக் கனம்தான் என்றேன்.

ஓடையிலிருந்து ஒரு வெங்கச்சங்கல்லை, குவார்ட்ஸ் என்பார்களே அதை, எடுத்து, மணியை அதன்மேல் வைத்து அழுத்தி இழுத்தேன். வெங்கச்சங்கல்லில் கீறல் விழுந்தது. கத்தியாலும் கீற முடியாத கல் அது. அதையே கீறுகிறது என்றால் இது எவ்வளவு கெட்டி என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மேஸ்திரி டைல்ஸ் கழுவ வைத்திருந்த ஆசிட்டை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அதிலும் நாலு மணிகளைப் போட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் போட்டது போட்டபடி கிடந்தது. நுரை இல்லை, நிறம் மாறவில்லை, முனைகூட மழுங்கவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முழுசாக இருந்த மணிகளில் எட்டு முகங்கள் தெரிந்தன. நாலு பக்கமுள்ள கூம்பு இரண்டை அடியோடு அடி ஒட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. கண்ணாடி மாதிரி ஒரு மினுமினுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரங்களில் மட்டும் அந்தப் பச்சை கசிந்து தெரியும், நடுவில் கறுப்புத்தான்.

மேஸ்திரி லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரோ பட்டை தீட்டி வெச்ச மாதிரியே கீதும்மா" என்றார். அவர் கட்சி மாறிவிட்டார் என்று தெரிந்ததும் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை.

"துத்தநாகமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து ஆனது, அண்ணி. ஸ்பைனல்னு ஒரு குடும்பம் இருக்குது. எல்லாம் ஒரே மாதிரி உள்கட்டு. நம்ம குரோம் பொடி எதுல இருந்து செய்றாங்க? குரோமைட்டுன்னு ஒரு கல்லுல இருந்து. அதுவும் இதே குடும்பந்தான். இதுக்கு அது பங்காளி மாதிரி."

அண்ணி முதல் தடவையாக வாயைத் திறந்தார். "பங்காளி ஒருத்தன் வந்து குந்திட்டான்னா மத்தவன் வராமலா இருப்பான்?"

மேஸ்திரி சிரித்தார். அண்ணன் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தான். "உன்ன இன்னாத்துக்குக் கூப்டேன், நீ இன்னா பண்ணிக்கினு இருக்கிற?" என்றான். உண்மையைப் பாதியில் மடித்து வைக்க எனக்கு வராது, அதற்கு நான் என்ன செய்ய? கல்லுக்குள் ஒன்றோடொன்று இறுகிக் கிடப்பது வெளியே வராது, பங்காளி பேரைச் சொன்னதும் அவன் வந்துவிட மாட்டான் என்று நான் மறுபடியும் ஆரம்பித்தபோது அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். குரலில் கோபம் இல்லை.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். நீ படிச்சவ, பொய் சொல்ல மாட்ட. ஆனா எங்க கெணத்துல பச்சையா எதுவும் வரலியே. கடைசி வரைக்கும் தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு. சட்டை பேன்ட்டு போட்டுக்கினு ஒருத்தர் வந்து, பாட்டில்ல புடிச்சிப் பார்த்துட்டு, நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனாரு. அப்பா அத நம்பி அந்த வருஷமும் நட்டாரு."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. காலையிலிருந்து நான் கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது தண்ணீரைப் பற்றி. மணி கரையாது என்பதை நான் நாள் முழுக்க நிரூபிக்கலாம். அதனால் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது. லேபில் வேலை செய்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். அண்ணியின் பயத்தைப் பச்சை நிறத்தோடு முடிச்சுப் போட்டது நான்தான்.

கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, எங்கள் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு லேபுக்குக் கொடுத்தேன். மணிகளில் கொஞ்சத்தை எங்கள் லேபுக்கு எடுத்துப் போனேன். எங்கள் இன்சார்ஜ் பாய், தோலின் மேல்பரப்பைப் பார்க்க வைத்திருக்கும் மைக்ரோஸ்கோப்பை எனக்காக ஒதுக்கிக் கொடுத்தார். "இன்னாம்மா, தோல விட்டுட்டு கல்லுக்குப் போய்ட்டியா? நாளைக்கு உன்ன எங்க போய்த் தேடுறது?" என்று கிண்டல் வேறு. வெளிச்சத்தை இரண்டு போலராய்டு தகடுகளால் வடிகட்டி நடுவில் மணியை வைத்துத் திருப்பினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டாகவே இருந்தது. பெரும்பாலான கற்கள் திருப்பத் திருப்ப மின்னி மறையும். ஸ்பைனல் குடும்பத்துக்கு அந்த வேடிக்கை கிடையாது. சென்னையில் ஒரு லேபில் இருக்கும் என் கல்லூரித் தோழிக்கும் கொஞ்சம் அனுப்பினேன். அவள் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். துத்தநாகம், அலுமினியம், கொஞ்சம் இரும்பு. கானைட்டேதான்.

தண்ணீரும் தேறிவிட்டது. குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளப் போன நேரத்தில் தோழி ஒரு கேள்வி கேட்டாள்.

"அது எங்கேர்ந்து வருதுன்னு பார்த்தியா?"

கானைட் பிறக்கிற இடம் முக்கியமாக இரண்டு. ஒன்று, கருங்கல்லை ஊடுருவிக்கொண்டு வெள்ளையாக ஓடும் பட்டை. பெக்மடைட் என்போம். வெங்கச்சங்கல், மைக்கா என்கிற அப்ரகம் எல்லாம் பெரிது பெரிதாக விளைந்திருக்கும். அதற்குள் இது ஓரமாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. இன்னொன்று, பூமிக்குள் வெந்து உருமாறிய துத்தநாகத் தாது. அங்கே துத்தநாகத்தோடு ஈயமும் கந்தகமும் சேர்ந்திருக்கும். கானைட் மட்டும் ஆசிட்டுக்கும் அசையாமல் அப்படியே இருக்கும். கூட இருப்பவை அப்படி அல்ல. மழை பட்டால் துருப்பிடித்துக் கரைந்து தண்ணீரில் இறங்கும். சுரங்கத்துக்கு இடம் தேடுகிறவர்கள் ஓடை மணலில் இந்தப் பச்சை மணியைத் தேடுவதே அதற்குத்தான். இது அழியாது. மேலே எங்கேயோ தாது இருக்கிறது என்று கீழே வந்து காட்டிக்கொடுக்கும்.

இன்றைக்குத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. மழை நன்றாகப் பெய்து ஓடை ஓடினால்? அண்ணியிடம் சொல்லாமல் விட்டுவிட்டால் நானும் அந்தச் சட்டை பேன்ட்டுக்காரரும் ஒன்றுதான். போய், இரண்டு வழியையும் சொன்னேன். "மேல ஏறிப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன் அண்ணி. எனக்கென்னவோ வெள்ளைப் பட்டையாத்தான் இருக்கும்னு தோணுது" என்றேன்.

"நீ பார்த்துட்டு வந்து இன்னா சொல்றது? நானும் வர்றேன்" என்றார்.

சாந்துச் சட்டி ஒன்றை மேஸ்திரியிடம் வாங்கிக்கொண்டு இருவரும் ஓடையில் ஏறினோம். தண்ணீர் கொலுசளவுதான் ஓடியது. வளைவு வருகிற இடங்களில் மணலை அள்ளி, சட்டியில் தண்ணீர் விட்டுச் சுழற்றி, லேசானதை வெளியே தள்ளி, அடியில் மணி தங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரியில் இதைச் செய்து பேர் வாங்கியவள் நான். ஆனால் இப்போது சட்டியைச் சுழற்றினால் மணலோடு மணியும் சேர்ந்து வெளியே போனது. அண்ணி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

"அரிசி அரிக்கத் தெரியாதா உனக்கு? நான் கல்யாணமாகி வந்தப்போ உங்க வூட்டுச் சோத்துல ஏன் அவ்ளோ கல்லுன்னு இப்பத்தான் தெரியுது."

அரிசியில் கல் அரிப்பது மாதிரியேதான் அரித்தார். ஒரு சின்ன அசைவு, ஒரு சாய்வு, லேசானது வழிந்துவிடும், அடியில் கனமானது நிற்கும். எங்கள் வீட்டில் அரிசி கழுவியது நான்தான். எனக்கும் வேலை மிச்சம். அவர் அரிக்க, நான் பார்த்துச் சொல்ல, மேலே போய்க்கொண்டிருந்தோம். ஏற ஏற மணிகள் பெரிதாகிக்கொண்டு வந்தன. முனைகள் கூர்மையாக இருந்தன. அவை பிறந்த வீடு பக்கத்தில்தான் என்று அர்த்தம்.

ஓரிடத்தில் ஓடை இரண்டாகப் பிரிந்தது. இடது கிளையில் அரித்தோம், வெறும் மணல். வலது கிளையில் அரித்தோம், சட்டி அடி கறுத்தது. வலது பக்கமாகவே ஏறினோம். கொஞ்ச தூரத்தில் ஒரு பாறை முழுக்கச் செம்பழுப்பாக வழிந்திருந்ததைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். தாதுப்பாறை துருப்பிடித்தால் அப்படித்தான் நிறம் வரும். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போய் விரலால் தேய்த்தேன். நிறம் விரலோடு வந்துவிட்டது, கீழே பாறை சுத்தமாக இருந்தது. ஆடு ஏறி இறங்கும் தடத்திலிருந்து மழை கரைத்து விட்ட செம்மண். "மண்ணு அண்ணி, வெறும் மண்ணு" என்று நான் கத்தியதில் புதரிலிருந்து ஏதோ ஒரு பறவை அலறிக்கொண்டு பறந்தது.

அதற்கு மேல் நான் தேட வேண்டியிருக்கவில்லை. கருங்கல்லின் குறுக்கே வெள்ளையாக, ஒரு ஆள் அகலத்துக்குப் பட்டை ஓடியது. அப்ரகம் ஏடு ஏடாக வெயிலில் மின்னியது. வெள்ளைக்குள் அங்கங்கே, மிளகு சைஸிலும் சுண்டைக்காய் சைஸிலும் கரும்பச்சை மணிகள் எட்டு முகத்தோடு பதிந்திருந்தன. துரு எங்கேயும் இல்லை. பட்டையின் இரண்டு பக்கமும் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு பொட்டுத் துருகூட இல்லை. நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது, எப்போதும் நடப்பதுபோலவே. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகத் தடவிப் பார்த்தேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது படித்த படிப்பு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. அழகாக இருக்கிறது பாருங்கள் அண்ணி என்று சொல்லத் திரும்பினால் அண்ணி அங்கே இல்லை.

பட்டையைத் தாண்டி அவர் பாட்டுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தார். காப்புக்காட்டின் எல்லைக்கல் பக்கத்தில் ஓடை ஒரு பாறை இடுக்கில் முடிந்துபோனது. அங்கே நின்று, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாலா பக்கமும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். மேலே முள்ளும் மரமும் பாறையும்தான். தொலைவில் கீழே, ஆம்பூர்ப் பக்கத்துப் புகைக்குழாய்கள் தெரிந்தன.

"இதுக்கு மேல யாரு?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"யாரும் இல்ல அண்ணி. காடுதான்."

"அந்தக் கம்பெனித் தண்ணி?"

"அதெல்லாம் நமக்குக் கீழ. தண்ணி மேல ஏறி வராது."

இடுப்பிலிருந்து போனை எடுத்து அவர் அம்மாவை அழைத்தார். காற்று அடித்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார், எனக்கும் கேட்டது. "அம்மா, நம்ம கெணத்துக்கு மேல யாருமே இல்லம்மா. கம்பெனி இல்ல, கால்வா இல்ல. நானே ஏறி வந்து பார்த்துட்டேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். எத்தனையோ வருடமாக அவரைப் பார்க்கிறேன், அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து அந்தம்மாவின் குரல் வந்தது. "தண்ணி எப்டிடி இருக்குது?"

"இன்னும் வாயில வெக்கலம்மா. இப்பத்தான் போய்க் குடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, எனக்காகக்கூடக் காத்திராமல் அண்ணி இறங்க ஆரம்பித்தார்.